ஆலை போயிற்று, ஓட்டும் போயிற்று

அமெரிக்காவில், ஒஹையோ ராஜ்யத்து யங்ஸ்டவுன் உருக்காலைத் தொழிலாளரின் ஊர். 1977 செப்டம்பர் 19ல் அவ்வட்டாரத்துக் காம்ப்பெல் ஆலையை மூடுவதாக முதலாளிகள் அறிவித்தனர். சுமார் 5,000 பேர் தெருவில் நின்றனர். ஆலையை நாங்களே வாங்கி நடத்துகிறோம் என்று தொழிலாளரும் பாதிரிமாரும் கிளம்பினர். ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் சர்க்காரோ 1979ல் கடனுக்கு ஜாமீன் நிற்க மறுத்தது!

அப்படியும் அந்த ஜில்லா 1976 முதல் 2016 வரை ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் அக்கட்சிக்கே ஓட்டளித்தது. கேட்காமலே விழும் ஓட்டை எந்தக் கட்சி மதிக்கும்?

2017ல் குடியரசுக் கட்சி டிரம்ப் அங்கே வந்து, வேலைகள் திரும்பும், வீட்டை விற்காதீர்கள் என்றார். 2019ல் பக்கத்து லார்ட்ஸ்டவுன் மோட்டார் தொழிற்சாலையும் நின்றது. ஆயினும் 2020லும் 2024லும் ஜில்லா அவர் பக்கமே சாய்ந்தது. அறியாமை என்று ஏசும் பண்டிதர்கள் 1979ஐச் சௌகரியமாக மறக்கிறார்கள்.

நகருக்குள் மட்டும் பழைய கட்சிக்கே ஓட்டு அதிகம். ஆனால் 1930ல் 1,70,000 பேர் வாழ்ந்த அந்நகரில் 2020ல் எஞ்சியவர்கள் 60,000 பேரே.