மஞ்சள் விளக்கை அணைத்தால் போதுமா?

நெற்பயிரின் இலை மஞ்சளாகிறது என்றால், விவரம் தெரிந்த விவசாயி உடனே யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, வேரில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று வயலில் இறங்கிப் பார்க்கிறார். ஆனால் தமது சரக்கு வண்டியின் டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும், "அதை எப்படியாவது அணைத்துக் கொடுங்கள்" என்று பட்டறையில் கேட்கிறார். நானும் அப்படிக் கேட்டவன்தான். அதனால் பட்ட நஷ்டத்தை மற்ற விவசாயிகளும் பட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மீஞ்சூர் பக்கம் கீரையும் வெண்டையும் பயிரிட்டு வருகிறேன். முதல் நாள் மாலை அறுத்த கீரையை விடியுமுன் டீசல் பிக்-அப் வண்டியில் ஏற்றி, மணலி புதுநகர், திருவொற்றியூர் வழியாக ராயபுரம் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது வழக்கம். ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் பட்டறையில் ஸ்கேனர் கருவியை மாட்டி விளக்கை அணைத்தார்கள். நான்கே நாளில் மீண்டும் எரிந்தது. இரண்டாவது பட்டறையில் ஒரு சென்சாரை மாற்றினார்கள். ஒரு வாரம் தாங்கியது. மூன்றாவது இடத்தில் இன்னொரு சென்சார். அதற்கும் விளக்கு அசையவில்லை.

கடைசியில் ஒரு விடியற்காலை, திருவொற்றியூர் அருகே வண்டி இழுவை இழந்து, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தது. கோளாறு முற்றாமல் இருக்க வண்டியின் கம்ப்யூட்டரே என்ஜின் சக்தியைக் குறைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர்கள் வேறு இடத்தில் கீரை வாங்கிவிட்டார்கள். வாடிய கீரையை மாட்டுக்குத்தான் போட முடிந்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை நடத்தும் இளைஞர்தான் வழி காட்டினார். "விளக்கை அணைக்க வேண்டாம் அண்ணா, முதலில் எண்ணை எழுதிக்கொள்வோம்" என்றார். பி 2454 என்று வந்தது. புகை வடிகட்டியின் அழுத்த சென்சார் சர்க்யூட்டில் மின்னழுத்தம் குறைவு என்று பொருள். சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் அல்ல. அதற்குப் போகும் வயர், கப்ளர், எர்த் எல்லாம் சேர்ந்ததுதான். அவர் கப்ளரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு! கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது வண்டி வெள்ளத்தில் நின்றது மறுபக்கம். துடைத்து, இரண்டு பின்களை மாற்றினார். அன்று அணைந்த விளக்கு இன்று வரை எரியவில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு சென்சார்களும் வீண்.

இந்த விளக்கு நமக்குப் புதிது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லா புதிய கார்களிலும் ஒரே மாதிரியான கோளாறு எண் முறை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் படிப்படியாக வந்து, 1-4-2020 முதல் பி.எஸ்.6 விதிகளோடு இன்னும் கடுமையாயிற்று. டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. இவற்றில் எது சரியாக வேலை செய்யாவிட்டாலும் மஞ்சள் விளக்கு எரியும்.

நம் வடசென்னைப் பகுதிக்கென்று தனிச் சங்கடம் ஒன்று உண்டு. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சாம்பலாக, புகையின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரியை எட்ட வேண்டும். அதற்கு வண்டி நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் மணிக்கணக்கில் என்ஜினை ஓடவிட்டு நின்றால் கரி எப்படி எரியும்? வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; பி 2463 என்ற எண் வரும். இதற்கு மருந்து புது வடிகட்டி அல்ல. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி, வாரம் ஒரு முறையாவது காலியான நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் என்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஓட்டிவந்த சூட்டோடு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மட்டும் வண்டியை நிறுத்தக் கூடாது.

வேறொரு விபரீதமும் காதில் விழுகிறது. சில டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி உண்டு. மணலியில், நம் கண்ணெதிரே, 1971-ல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலை இருக்கிறது. வீட்டில் யூரியா மூட்டை இருக்கிறது. கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். கூடவே கூடாது. அந்தக் கரைசல், மிகச் சுத்தமான யூரியா 32.5 சதவீதமும் தாது நீக்கிய தண்ணீரும் சேர்ந்தது. நம் வயலுக்கான மானிய யூரியாவோ 2015 முதல் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அது தெளிப்பான் முனையை அடைத்துவிடும். மானிய உரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும் ஆகும்.

"பழைய வண்டியில் இந்தத் தொல்லை இல்லையே, வடிகட்டியை வெட்டி எறிந்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்து தரும் ஆட்களும் உண்டு. நான் இதை ஏற்கவில்லை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இடம்பெற்றது. ஆலைப் புகையையும் எண்ணூர்ச் சாம்பலையும் கண்டித்துப் பேசும் நாமே, நம் வண்டியின் கரியை நம் பிள்ளைகள் மூச்சில் விடலாமா?

ஆனால் பொறுப்பு விவசாயி தலையில் மட்டும் விழக் கூடாது. விளக்கை வைத்தவர்கள் அதன் பொருளையும் நமக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வண்டியோடும் கோளாறு எண்களின் விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். பட்டறை ரசீதில், பார்த்த எண்ணையும் சோதித்த பாகத்தையும் எழுதுவது கட்டாயமாக வேண்டும். டிராக்டர் வாடகைக்குத் தரும் வேளாண்மைப் பொறியியல் துறையும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களும் ஆளுக்கொரு ஸ்கேனர் வைத்துக்கொள்ளட்டும். 2023 முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கும் புகை விதி கடுமையாகிவிட்டதால், இந்த விளக்கு நாளை ஏர் ஓட்டும் வயலிலும் எரியப் போகிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் தொடங்கி, மோட்டார் வாகனங்களையும் விவசாயக் கருவிகளையும் அதில் சேர்த்தது. அந்த உரிமை மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் வந்து சேர வேண்டும்.

அதுவரை விவசாயிகள் செய்ய வேண்டியது இதுதான்: சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலும் ஓட்டாதீர்கள். நிலையாக எரிந்தால் பதறாமல் பட்டறைக்குப் போய், அழிப்பதற்கு முன் எண்ணையும், கோளாறு பதிவான நேரத்தில் வண்டி போன வேகத்தையும் வெப்பத்தையும் எழுதி வாங்குங்கள். அழித்துவிட்டால் அந்தக் குறிப்பும் போய்விடும். பாகத்தை மாற்றச் சொன்னால், முதலில் கப்ளரையும் வயரையும் ரப்பர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி முனைகளையும் ஏர் பில்டரையும் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

மஞ்சள் இலைக்குக் காட்டும் பொறுமையை மஞ்சள் விளக்குக்கும் காட்டினால், வாடிப்போகும் ஒரு வண்டிக் கீரையாவது மிஞ்சும்.