தேவ சாஸ்திரமா? வக்காலத்துச் சாஸ்திரமா?

நமக்குத் தெரிந்த திருச்சி கிறிஸ்தவ வாலிபர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, தாம் தேவ சாஸ்திரம் படிக்கப் போவதாகவும், அதனால் தமது ஆத்மா வளரும், ஜனங்களுக்கும் ஊழியம் செய்யலாம் என்றும் வெகு சந்தோஷமாய்ச் சொன்னார். படிப்பின்மீது நமக்கு வெறுப்பில்லை. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கக் கொடுத்து வைக்காத நமக்குத்தான் அதன் அருமை தெரியும். 1844 இல் நாகப்பட்டினத்தில் துவங்கி 1883 இல் திருச்சிக்கு வந்த செயிண்ட் ஜோசப் காலேஜ் போன்றவற்றால் நம்மவர் அனேகர் படித்து முன்னுக்கு வந்ததையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படிப்பு வேறு, இந்தப் படிப்பு வேறு.

எப்படியென்றால், ரசாயனம் படிக்கும் பிள்ளை, குழாயில் இன்னதுதான் வரும் என்று முன்னதாகச் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. தேவ சாஸ்திரத்திலோ தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு! அதில் அப்பாலஜெட்டிக்ஸ் என்று ஒரு பிரிவு. கிரேக்க பாஷையில் இதன் மூலச் சொல்லுக்கு, குற்றம் சாட்டப்பட்டவன் கோர்ட்டில் சொல்லும் சமாதானம் என்று அர்த்தம். பெயரே குட்டை உடைத்துவிடுகிறது. ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்கியவன் அதே வழக்கில் ஜட்ஜாக உட்காரலாமா?

கத்தோலிக்கச் சட்டப்படி குருவாகிறவர் தத்துவம் 2 வருஷம், தேவ சாஸ்திரம் 4 வருஷம், ஆக 6 வருஷமாவது படிக்க வேண்டும். அத்தனையும் படித்துவிட்டு, "ஆராய்ந்தேன், கடவுள் இருப்பதாகத் தெரியவில்லை" என்று ஒருவர் எழுதினால் குருப்பட்டம் கிடைக்குமா? கிடைக்காதென்றால் அது ஆராய்ச்சியா, மனப்பாடமா?

நிற்க, காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திற்கு வாருங்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல் பக்தன் முயல வேண்டும் என்பது வடகலை. தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியைப்போல் சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. இதே கேள்விக்காக ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீனும் பெலாகியுசும் மல்லுக்கு நின்றார்கள். 1517 இல் கிளம்பிய லூதரும் போப்பைச் சேர்ந்தவர்களும் இதற்காகவே முட்டிக்கொண்டார்கள். அக்கரையில் சமஸ்கிருதம், இக்கரையில் லத்தீன், சரக்கு ஒன்றுதான். இத்தனை நூற்றாண்டாக ஏன் தீர்வு காணவில்லை? சோதித்துப் பார்க்க அங்கே ஒரு வஸ்துவும் இல்லாததால்தான்.

ஜாதி விஷயத்தில் இந்தச் சாஸ்திரம் செய்ததென்ன? 1606 இல் மதுரைக்கு வந்த பாதிரி நொபிலி, பூணூலும் குடுமியும் மதச் சின்னமல்ல, குல வழக்கமே என்று வாதாடினார். 1623 இல் போப் 15 ஆம் கிரகோரி அதற்கு அனுமதி கொடுத்தார். 1833 இல் கல்கத்தா பிஷப் வில்சன், ஜாதியை உடனே விட்டொழியுங்கள் என்று தென்னாட்டு இங்கிலீஷ் சபைகளுக்கு உத்தரவிட்டார். இருவருக்கும் ஆதாரம் அதே பைபிள்! இருபுறமும் வெட்டும் இந்தக் கத்தியை நம்பி எந்த ஏழை உயிர் பிழைப்பான்?

வெகு தூரம் போக வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்டோர் பிணம் ஒரு புறம், மற்றவர் பிணம் மறுபுறம் என்று குறுக்குச் சுவர் வைத்தார்கள். 2010 இல் அதை எதிர்த்துப் பெரியார் தொண்டர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. ஞானஸ்நானம் ஒன்று, அப்பம் ஒன்று, மோட்சம் ஒன்று. குழி மட்டும் இரண்டா? ஆறு வருஷம் தேவ சாஸ்திரம் படித்த எத்தனையோ பேர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுதானே ஜெபம் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே அந்த வாலிபத் தோழருக்கு நாம் சொல்வது இதுதான். பைபிளைத் தாராளமாய்ப் படியுங்கள், ஒரு வரி விடாமல் படியுங்கள். பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1927 இல் தாம் ஏன் கிறிஸ்தவரல்ல என்று பேசியதையும் படியுங்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுங்கள். ஊழியம் செய்ய ஆசையென்றால் சந்தோஷம்! செத்தவனை மோட்சத்திற்கு அனுப்பும் வேலை கிடக்கட்டும். உயிரோடிருப்பவர்களைப் பிரிக்கும் சுவரை இடிக்க வாருங்கள். அதற்கு லத்தீனும் வேண்டாம், சமஸ்கிருதமும் வேண்டாம். அறிவும் மானமும் இருந்தால் போதும்.