சாலைச் சரிவுக்கு மக்கிய உரம் போடுங்கள்: எங்கள் நிலைப்பாடு

ஐப்பசியில் ஓர் இரவு மழை பெய்து ஓய்ந்ததும், திருப்பூரைச் சுற்றி மண் கொட்டி உயர்த்திய சாலைக் கரை ஒன்றைப் போய்ப் பாருங்கள். செம்மண்ணில் விரல் நுழையும் கோடுகள் மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். இரண்டு மழை போனால் அதே கோட்டில் கையே நுழையும். கரைந்த மண் வடிகாலை அடைக்கிறது, தார் மேல் சேறாகப் படிகிறது. விடிகாலை ஷிப்டுக்கு மொபெட்டில் போகிறவர்கள் அந்தச் சேற்றில்தான் சறுக்குகிறார்கள். மீதி மண் ஓடை வழியே நல்லாற்றுக்கும் நொய்யலுக்கும் போகிறது. நல்லாற்று நீரை நம்பியிருக்கும் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மண் மேடிட விடக் கூடாது.

ஆகவே, மக்கும் குப்பையிலிருந்து கிடைக்கும் உரத்தால் இந்தச் சரிவுகளை மூட வேண்டும் என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. காய்கறிக் கழிவும் இலைதழையும் பாறைக்குழிகளில் கொட்டுவதற்கான பொருள்கள் அல்ல.

வெற்று மண்ணில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த துகள் மண்ணின் துளைகளை அடைப்பதால் நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சரிவில் ஓடுகிறது. மேலே 5 செ.மீ. உரம் இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும், நீரையும் பிடித்து வைக்கும். 100 சதுர மீட்டருக்கு 5 கன மீட்டர் போதும். நைசாகச் சலித்த உரம் நீரோடு போய்விடும். மரச்சிராய் கலந்த முரட்டு உரமே வேண்டும். கரையின் உச்சியைத் தாண்டியும் சிறிது தூரம் பரப்பினால்தான் நீர் அடியில் புகாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநில நெடுஞ்சாலைத் துறை பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. இரண்டடி கிடைக்கு ஓரடி உயரம் என்பதைவிடச் செங்குத்தான சரிவில் உரம் மட்டும் நிற்காது. அங்கே தென்னைநார் விரிப்பும் வேண்டும்.

உரம் மூடுதிரைதான். கரையைக் கடைசிவரை பிடிக்கப்போவது புல்லின் வேர். அதற்கு வெளியூர் விதை எதற்கு? காங்கேயத்தின் கொறங்காடு மேய்ச்சல் நிலங்களில் வறட்சியைத் தாங்கி வளரும் கொழுக்கட்டைப் புல் நம்மிடமே இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். சாயக்கழிவுச் சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்றை உரம் என்ற பெயரில் எந்தக் கரையிலும் போடக் கூடாது. சாயநீரால் நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பாலியஸ்டர் கலந்த பனியன் வெட்டுத்துணியும் மக்காது, அதையும் சேர்க்கக் கூடாது. நல்ல உரத்திலிருந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கசியும் என்பதால், குளத்தை ஒட்டிய சரிவுகளுக்குத் தென்னைநார் விரிப்பும் புல்லுமே போதும்.

நெடுஞ்சாலைத் துறையையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறோம்: சாலை ஒப்பந்தப்புள்ளியில் சரிவுப் பாதுகாப்புக்கு உரமும் புல்லும் தனி இனமாக இடம்பெறட்டும். ஒவ்வொரு லோடு உரமும் ஆய்வகச் சோதனை முடிந்த பிறகே சரிவுக்கு வரட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள் ஒரு கரையிலாவது வேலையைத் தொடங்குங்கள்.