வயலில் வளரும் மீன்

சில மாதங்களுக்கு முன்னர் வகுப்பிலே மருதத்திணைப் பாட்டொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். வயல் நீரிலே மீன் பிறழ்கின்றது. உழவன் அதனைக் கண்டு மகிழ்கின்றான். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஆற்றில் இருக்கவேண்டிய மீனுக்கு வயலில் என்ன வேலை? புலவர் வளங் கூறவேண்டி மிகைப்படச் சொன்னாரோ?" என்று வினாவினான். "உயர்வுநவிற்சி" என்று சொல்லி அப்பாற் சென்றேன். முப்பதாண்டுகளாக நான் சொல்லிவரும் விடை அது. இன்று அவ்விடையை மீளப் பெற்றுக்கொள்ள விரும்புகின்றேன். என்னைத் திருத்தியவர்கள் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்து மீனியல் அறிஞரும் நெல் வேளாளரும் ஆவர்.

அந்நாட்டுச் செய்தி முதலிலே துயரச் செய்தியாகவே வந்தது. 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் கலிபோர்னியாக் கடலிற் சமன் மீன் பிடிக்கும் வணிகத் தொழில் அடியோடு நிறுத்தப்பட்டது. வள்ளங்கள் துறையிலே கட்டுண்டு கிடந்தன. தகரப்பேணியில் வரும் மீன் எதுவாயினும் அதனைச் 'சமன்' என்று அழைத்துப் பழகியவர் நாம். உண்மைச் சமனின் வரலாறு வேறு. அது ஆற்றிலே பிறந்து, குஞ்சாய்க் கடல் புகுந்து, சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றையே நாடி மீளும். சாக்கிரமெந்தோ ஆற்றுக்கு வரும் சினூக் என்னுஞ் சமன், வருங்காலம் பற்றி நான்கு கூட்டமாக வகுக்கப்படும். அவற்றுள் மாரிகாலக் கூட்டம் அழியும் நிலையில் உள்ளதென 1994 இல் மத்திய அரசு சட்டப்படி அறிவித்தது.

காரணம் பல. 1945 இல் முற்றுப்பெற்ற சாஸ்தா அணை, மலைநாட்டுக் குளிர்நீருக்குச் செல்லும் வழியை அடைத்தது. வறட்சி ஆற்றுநீரை வெப்பமாக்கியது. இவை பலரும் அறிந்தவை. பலரும் கருதாத காரணம் ஒன்றுண்டு. ஆறு தன் அகலத்தை இழந்தது.

ஆற்றின் அகலம் யாது? கோடையிலே இரு கரைக்கும் இடைப்பட்ட நீரை நாம் ஆறு என்கின்றோம். மாரியிலே அது கரைகடந்து தாழ்நிலத்திற் பரந்து, சில வாரந் தங்கி, பின் வடியும். அந்நிலமும் ஆற்றின் உடைமையே. பாடநூலார் அதனை வெள்ளச் சமவெளி என்பர். மகாவலி கங்கையின் கீழ்ப்பாகத்திலே அத்தகைய நிலத்தில் நீர் தங்கும் இடங்களை நம்மவர் 'வில்லு' என்பர்.

சமன் குஞ்சுக்கு இப்பரந்த நீரே வளர்ப்பிடம். ஆற்றின் நடுநீர் ஆழமும் குளிரும் விரைவும் உடையது. விரலளவான குஞ்சுக்கு அங்கே இரை அரிது. பரந்த நீரோ ஆழங்குறைந்து மெல்ல நகர்வது. வெயில் அதன் அடிவரை புகும். அழுகும் புல்லிலும் இலையிலும் நுண்ணுயிர் பெருகும். அவற்றை உண்டு நீர்த்தெள்ளு முதலிய சிற்றுயிர் பெருகும். அச்சிற்றுயிரை உண்டு குஞ்சு கொழுக்கும். கொழுத்த குஞ்சே கடலிற் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியும் உடையது. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கிலே இத்தகைய நிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு, அணைக்கரைகளால் ஆற்றினின்றும் பிரிக்கப்பட்டதென மதிப்பிடுவர்.

வெள்ளத்தைக் கரைகட்டி அடக்கலாம் என அந்நாட்டார் முதலில் எண்ணினர். 1907, 1909 ஆம் ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்கள் அவ்வெண்ணத்தைக் கெடுத்தன. குளத்துக்கு நாம் வான் வைப்பதுபோல, ஆற்றுக்கும் ஒரு வான்கட்டு அமைத்தனர். பிறீமன்ற் என்னும் அவ்வான்கட்டு 1924 இல் எழுந்தது. நீளம் ஏறத்தாழ 2 மைல். அதன்மேல் வழியும் நீர் யோலோ வெள்ளவழி என்னும் 59,000 ஏக்கர் அளவான தாழ்நிலத்திற் பரந்து செல்லும். நகரைக் காப்பதே நோக்கம். மீனை நினைத்துச் செய்ததன்று. ஆயினும் ஆறு இழந்த அகலத்திற் சிறிது அவ்வழியாக மீண்டது. 2001 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, வெள்ளவழியிற் புகுந்த சமன் குஞ்சுகள் ஆற்றிலே தங்கியவற்றினும் விரைந்து வளர்ந்தன என எடுத்துக்காட்டியது.

இனி நெல்லுக்கு வருவோம். அவ்வெள்ளவழியிலே கோடையில் நெல் விளைகின்றது. அறுவடையின் பின் வைக்கோலை எரித்தல் அங்குள்ளார் வழக்கம். புகையினால் ஊரார் வருந்த, 1991 இற் சட்டம் அதனைப் படிப்படியாகக் குறைத்தது. வேளாளர் வேறு வழியின்றி மாரியில் வயலுக்கு நீர் கட்டி, அரிதாளை அழுகவிட்டனர். நீர்ப்பறவைகள் வந்து நிறைந்தன. பறவை வாழும் நீரில் மீன் வாழாதோ எனச் சிலர் ஐயுற்றனர். டேவிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் கலிபோர்னியா திரவுட் என்னும் காப்புச் சங்கத்தாரும் வேளாளரோடு கூடி, 2012 அளவில் வயல்களிலே சமன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தனர். குஞ்சுகள் ஆற்றிலே வளர்வதினும் பன்மடங்கு விரைவாக வளர்ந்தன. அம்முயற்சிக்கு 'நிகிரி' என்று பெயரிட்டனர். யப்பானியர் சோற்றின்மேல் மீனை வைத்துப் பிடிக்கும் உணவுக்கு அது பெயராம். சோறும் மீனும் சேர்ந்த சேர்க்கை நமக்கும் புதிதன்று!

இதிலே நான் வியப்பது காலப் பொருத்தம். நெல்லுக்கு வயல் வேண்டுவது வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை. குஞ்சு கடல் நோக்கிப் பெயர்வது மாரியும் இளவேனிலும். ஒரே நிலம், இரு பருவம், இரு குடிகள். ஒன்றன் வாழ்வுக்கு மற்றொன்று அழியவேண்டுவதில்லை.

ஆயினும் வான்கட்டு ஓர் இடர். ஆறு மிகப் பெருகினாலன்றி நீர் அதனைக் கடவாது. சில ஆண்டுகளில் ஒரு துளியும் கடப்பதில்லை. ஆகவே அதனை ஓரிடத்தில் ஆழ வெட்டிக் கதவிட்டனர். அவ்வேலை 2024 இல் நிறைவெய்தியது. நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதிவரை, ஆறு நடுத்தரமாகப் பெருகினும் நீரும் குஞ்சும் உட்புகலாம்; 30,000 ஏக்கர் வரை பயன்பெறும் என்பர். மார்ச் நடுப்பகுதி என வரையறுத்தது உழவர்பொருட்டு. வயல் காயாவிடில் விதைப்புப் பிந்தும். அவர் அச்சம் பொய்யன்று.

ஒன்று மறக்கற்பாலதன்று. வரம்பும் மதகும் உடைய வயல், வெள்ளநிலத்தின் சாயலே. ஆற்றுக்கு நிலத்தையே மீட்டுக் கொடுத்தலும் வேண்டும். சான் வாக்கீன், துவாலமி என்னும் ஆறுகள் கூடும் 'டோஸ் ரியோஸ்' என்னுமிடத்திலே பண்ணைக் கரைகளை வெட்டித் திறந்து, நாட்டு மரங்களை நட்டு, 2024 இல் அதனை மக்கட்கு உரிய பூங்காவாக்கினர். குளிர்நீரும் தடையற்ற வழியும் இல்லையேல், முட்டையே பொரியாது, குஞ்சு ஏது? வயல் மட்டும் சமனைக் காக்கும் என்பார் அளவுகடந்து கூறுகின்றார்.

எனினும் வெள்ளத்தைப் பகையாகவே எண்ணிய ஒரு நாடு, தன் கையாற் கட்டிய கட்டைத் தானே வெட்டி அதனை விருந்தாக அழைக்கின்றது. ஆசிரியர்கள் இச்செய்தியைப் புவியியல் வகுப்புக்கு மட்டும் விட்டுவிடாதிருப்பார்களாக. இலக்கியம் கற்பிப்பார்க்கும் இதிலே பாடம் உண்டு.

அடுத்த தவணையில் அம்மாணவனை அழைத்து நான் சொல்லப்போவது இதுவே: "தம்பி, அன்று நான் சொன்ன அணியின் பெயர் பிழை. அது உயர்வுநவிற்சியன்று; தன்மைநவிற்சி."