கடல் கடந்த கணக்கு

வெளிதேசத்தில் ஓர் இஞ்சினீயரிங் கம்பெனியில் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ உத்தியோகம் கிடைத்துவிட்டால், உற்றார் உறவினர் முதலில் விசாரிப்பது சம்பளத்தைப் பற்றி. அடுத்தபடியாக விசாரிப்பது சாப்பாட்டைப் பற்றி. "அந்தக் குளிரில் குழந்தைக்கு மோர் சாதம் யார் போடுவார்கள்?" என்று பாட்டி கவலைப்படுகிறாள். இவை அவசியமான கேள்விகள் அல்லவென்று நான் சொல்லவில்லை. ஆனால் இவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அதை ஒருவரும் கேட்கக் காணோம். அந்தக் காரியாலயத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதே அக்கேள்வி.

பல தேசங்களில் காரியாலயம் வைத்து நடத்தும் ஸ்தாபனங்களைப் பற்றி நம்மிடையே ஓர் அபிப்பிராயம் நிலவுகிறது. தலைமைக் காரியாலயம் மூளை, கிளைகள் கைகால்கள், மூளை உத்தரவு போடும், கை நிறைவேற்றும் என்று எண்ணுகிறோம். சோப்பு விற்கும் கம்பெனிக்கு இது ஒருவேளை பொருந்தலாம். கட்டடமும் பாலமும் நகரமும் திட்டமிடும் ஸ்தாபனத்துக்குச் சிறிதும் பொருந்தாது. கணக்கு எந்தத் தேசத்திலும் ஒன்றுதான். மண்ணும் காற்றும் வேலையாட்களும் சர்க்காரும் தேசத்துக்குத் தேசம் வேறு. இதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

ஓவ் ஆருப் என்பவர் 1895-ல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் பிறந்தார். தகப்பனார் டென்மார்க் தேசத்தவர், மிருக வைத்தியர். தாயார் நார்வே தேசத்தவர். கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரம் படித்த பிறகே ஆருப் இஞ்சினீயரிங் படிப்புக்குத் திரும்பினார். 1922-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஒரு டேனிஷ் கம்பெனியின் கிளையில் உத்தியோகம் ஏற்று, மறு வருஷமே லண்டனுக்கு மாறினார். ஆகவே, அந்நிய தேசத்துக் கிளையில் வேலை செய்வது எப்படிப்பட்டதென்று அவருக்கு யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. 1946-ல் லண்டனில் தம் பெயரால் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். விரைவிலேயே அது டப்ளினிலும், ஆப்பிரிக்காவிலும், பின்னர் ஆஸ்திரேலியாவிலும் கிளை விட்டது.

1957-ல் சிட்னி துறைமுகத்தில் ஓர் இசை அரங்கம் கட்டுவதற்கு நடந்த போட்டியில் 233 பேர் கலந்துகொண்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்ஸோன் என்ற சிற்பியின் சித்திரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. காற்றில் உப்பிய பாய்களைப் போன்ற கூரைகள்! பார்த்தவர்கள் வியந்தார்கள். அதை நிறுத்திக் காட்டும் பொறுப்பு ஆருப் ஸ்தாபனத்தின் தலையில் விழுந்தது.

சர்க்காருக்கோ ஒரே அவசரம். கூரையின் வடிவம் முடிவாவதற்கு முன்பே, 1959 மார்ச்சில் அடித்தள வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். மேலே வரப்போகும் சுமை இவ்வளவு என்று தெரியாமல் கீழே தூண்களை எழுப்பினால் என்ன ஆகும்? பின்னால் கூரையின் கனம் தெரிந்தபோது, அத்தூண்கள் சிலவற்றை இடித்து, வலுவாக மறுபடியும் கட்ட நேர்ந்தது. மருமகளைப் பார்க்குமுன் வளையல் வாங்கி வைத்தவர்கள் இந்த நிலைமையை நன்கு அறிவார்கள்.

கூரைக்கு வழி பிறந்தது 1961-ல். எல்லாக் கூரைகளையும் ஏறக்குறைய 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக அமைப்பது என்று தீர்மானித்தார்கள். ஒரே சாத்துக்குடியிலிருந்து பெரிதும் சிறிதுமாகப் பல தோல் துண்டுகள் அரிந்தாலும், வளைவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்குமல்லவா? அதனால் ஒரே மாதிரியான அச்சுகளில் கான்கிரீட் துண்டுகளை வார்த்து அடுக்குவது சாத்தியமாயிற்று. அப்படி அடுக்கியவை 2,194 துண்டுகள். அவற்றின் மேல் பதித்த ஓடுகள் பத்து லட்சத்துக்கும் மேல். தென்னாப்பிரிக்காவில் ஸ்தாபனத்தின் கிளையை நடத்திவந்த ஜாக் ஸுன்ஸ் என்பவர் 1961-ல் லண்டனுக்கு வந்து இந்த வேலையை ஏற்றார். கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் புதுமையாயிருந்த அக்காலத்தில், அதன் துணையையும் நாடினார்கள்.

எனினும், லண்டன் காகிதத்தில் சரியாயிருக்கும் கூரை சிட்னி ஆகாயத்தில் சரியாக உட்கார வேண்டுமே! அதற்காக 1963-ல் சிட்னியில் காரியாலயம் அமைந்தது. லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அயர்லாந்து இளைஞர் பீட்டர் ரைஸ். அப்போது அவருக்கு வயது 28. மேலதிகாரி நோய்வாய்ப்படவே, ஸ்தலத்தின் பொறுப்பு இந்த வாலிபர் தோளில் ஏறியது. லண்டனில் காலையில் காரியாலயம் திறக்கும்போது சிட்னியில் பொழுது சாய்ந்துவிடும். கிரேனில் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருக்கையில், "தலைமைக் காரியாலயத்தைக் கேட்டுச் சொல்லுகிறேன்" என்று கைகட்டி நிற்க முடியுமா? ஒவ்வொரு துண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று அளந்து சரிபார்க்க ரைஸ் தாமே கம்ப்யூட்டர் கணக்கு முறை ஒன்றை எழுதினார். பிற்காலத்தில் பாரிஸ் நகரத்துப் பாம்பிடு கலாகேந்திரத்தின் இஞ்சினீயராகப் பெயர் பெற்றவர் இவரே. அவரை உருவாக்கிய பள்ளிக்கூடம் சிட்னியின் சாரக்கட்டு என்று சொன்னால் மிகையாகாது.

பொறுப்பு என்பது கணக்கைப் பற்றியது மட்டுமன்று. 1966 பிப்ரவரியில் அதைவிடக் கடினமான சோதனை வந்தது. புதிய சர்க்காருக்கும் உட்ஸோனுக்கும் பணத்திலும் அதிகாரத்திலும் பிணக்கு முற்றி, அவர் விலகிவிட்டார். சிட்னி வீதிகளில் அவருக்காக ஊர்வலம் நடந்தது. இஞ்சினீயர்களும் அவரோடு வெளியேற வேண்டும் என்று கருதியவர்கள் இருந்தார்கள். ஆருப் ஸ்தாபனத்தார் வெளியேறவில்லை. எடுத்த வேலையை முடித்துக் கொடுக்கும் கடமை, வேலை கொடுத்தவர்களுக்குத் தாங்கள் பட்ட கடன் என்று கருதினார்கள். இதனால் ஆருப்புக்கும் உட்ஸோனுக்கும் இடையே ஏற்பட்ட பிளவு பெரிது. 1973 அக்டோபரில் அரங்கம் திறக்கப்பட்டது. 70 லட்சம் டாலரில் முடியும் என்று மதிப்பிட்ட வேலைக்கு 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவாயிற்று. 2008-ல் காலமாகும் வரை, முடிந்த கட்டடத்தை உட்ஸோன் ஒருமுறையேனும் நேரில் வந்து பார்க்கவில்லை.

அவர்கள் செய்தது சரியா? என் அபிப்பிராயத்தில் சரியே. பாதி எழுந்த கூரையை விட்டுப் போவது சிற்பிக்குக் கௌரவப் பிரச்னையாயிருக்கலாம்; அதன் பாரத்தைக் கணக்கிட்டவனுக்கு அது ஜனங்களின் உயிரைப் பற்றிய பிரச்னை. ஆனால் சரியான காரியத்துக்கும் விலை உண்டு. அந்த விலை ஒரு சினேகிதமாயிருந்தது.

1970-ல் உலகின் பல பாகங்களிலிருந்தும் ஸ்தாபனத்தின் பங்காளிகள் இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரில் கூடினார்கள். இத்தனை காரியாலயங்களும் ஒன்றாயிருப்பது எதற்காக என்பதே கேள்வி. எழுபத்தைந்து வயதான ஆருப் விடை கூறினார். வேலையின் தரம், நேர்மையான நடத்தை, மனிதத் தன்மையுள்ள நிர்வாகம், சமூகத்துக்குப் பயன், இவற்றோடு நியாயமான வருவாய் ஆகிய நோக்கங்களே தங்களைப் பிணைக்க வேண்டும் என்றார். வருவாயை அவர் மறுக்கவில்லை. அதைத் தனியே சிம்மாசனத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு ஸ்தாபனத்தின் உடைமை, அதில் வேலை செய்பவர்களின் நலனுக்காக தர்மகர்த்தாக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பிரசங்கத்தை வாசிக்கக் கொடுப்பது வழக்கமாயிற்று.

நம் பிள்ளைகளும் பெண்களும் இன்று சிங்கப்பூரிலும் துபாயிலும் லண்டனிலும் இத்தகைய காரியாலயங்களில் அமர்ந்திருக்கிறார்கள். பெற்றோர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சம்பளத்தைக் கேளுங்கள், சாப்பாட்டையும் கேளுங்கள். கூடவே, "உன்னை வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்களா? அந்த ஊர் மேஸ்திரியோடு பேசினாயா? இது சரியில்லை என்று மேலதிகாரியிடம் சொல்ல உனக்கு இடம் உண்டா?" என்றும் கேளுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால், சம்பளம் எவ்வளவானாலும் அவன் அங்கே கற்பது கொஞ்சமே.

ஆருப் தம் படைப்புகளில் மிகவும் நேசித்தது சிட்னி அரங்கத்தையன்று. 1963-ல் டர்ஹாம் நகரில் அமைத்த ஒரு சிறிய நடைபாலத்தை. பாலத்தின் இரு பாதிகளையும் ஆற்றின் இரு கரைகளில், கரையோரமாகவே தனித்தனியாகக் கட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றையும் மெள்ளத் திருப்பி ஆற்றின் நடுவில் இணைத்தார்கள். 1988-ல் ஆருப் மறைந்த பின் அவருடைய அஸ்தி அங்கேதான் தூவப்பட்டது. இரு கரையிலும் அளவு பிசகாமல் வேலை செய்தவர்கள் இருந்ததால் அந்தப் பாலம் கூடியது. தேசங்களுக்கிடையே நடக்கும் வேலைக்கும் அதுவே நியதி.