பெட்டியில் இல்லாத விமானம்

மாதிரி விமானம் ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று என் உறவினர் பலர் நினைக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பையன் பசையும் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருந்தால், "படிக்கிற வேலை இல்லையா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். இதுவும் படிக்கிற வேலைதான் என்பது என் கருத்து. அதிலும், பெட்டியில் உள்ளதை உள்ளபடியே ஒட்டாமல் வேறோர் அரிய ரகமாக மாற்றிச் செய்யும்போது கற்றுக்கொள்வதைப் பல ஒப்படைப்புகளில் நான் கற்றதில்லை.

ஸ்பிட்ஃபயர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் புகழ்பெற்ற போர் விமானம் அது. 20,000க்கும் அதிகமாகக் கட்டப்பட்டது. கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் துப்பாக்கி பொருத்திய ரகமே இருக்கும். முதல் ரகத்தின் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. ஆனால், துப்பாக்கியே இல்லாத ஸ்பிட்ஃபயர்களும் போருக்குப் போயின. அவற்றின் வேலை எதிரியின் பகுதிக்குமேல் பறந்து படம் எடுத்துத் திரும்புவது. 1939 நவம்பர் 18ஆம் தேதி, பிரான்சிலிருந்து மாரிஸ் லாங்பாட்டம் என்ற விமானி அப்படி முதன்முறையாகப் பறந்தார்.

அந்தக் குடும்பத்தில் நான் செய்யத் தேர்ந்தெடுத்தது 'சி' ரகம். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, வலது இறக்கைக்கு அடியில் ஒரு புடைப்பு அமைத்து, அதற்குள் இரண்டு கேமராக்களை வைத்தார்கள். அதற்கு ஈடாக இடது இறக்கையின் அடியிலும் ஒரு புடைப்பு; அதில் 30 கேலன் எரிபொருள். விமானிக்குப் பின்னால் 29 கேலன் கொண்ட இன்னொரு தொட்டி. சண்டைபோடும் திறனை விட்டுக்கொடுத்து, தூரத்தையும் பார்வையையும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை இழக்க வேண்டும் என்று பொறியியல் வகுப்பில் சொல்வார்கள். இரண்டு புடைப்புகளை உங்கள் கையால் செதுக்கி ஒட்டும்போது அது மறக்காது.

பெட்டியோடு வரும் விளக்கத்தாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் இருக்கும். எதை எதோடு ஒட்ட வேண்டும், எங்கே என்ன நிறம் பூச வேண்டும் என்று எல்லாவற்றையும் அது சொல்லிவிடும். மாற்றத் தொடங்கியதும் அந்தத் தாள் உதவாது. துப்பாக்கித் துளைகளைப் புட்டி வைத்து அடைத்துத் தேய்க்க வேண்டும். புடைப்புகளைப் பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கி ஒட்டிச் செதுக்க வேண்டும். எவ்வளவு நீளம்? எவ்வளவு உயரம்? யாரும் சொல்லமாட்டார்கள். பழைய படம் ஒன்றில் சக்கரமும் புடைப்பும் சேர்ந்து தெரிந்தால், சக்கரத்தின் அளவை வைத்துப் புடைப்பின் அளவைக் கணக்கிடலாம். தொடக்கப்பள்ளியில் படித்த விகிதக் கணக்குதான். ஆனால், படம் பக்கவாட்டில் எடுத்ததா, சாய்வாக எடுத்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே ஒரு படம் போதாது. இரண்டு, மூன்று தேவை.

நிறத்தில் சிக்கல் இன்னும் அதிகம். உயரத்தில் பறந்த படப்பிடிப்பு விமானங்களுக்கு நீலமும், மேகத்துக்குக் கீழே தாழ்வாகப் பறந்த சிலவற்றுக்கு வெளிர் இளஞ்சிவப்பும் பூசினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டுமே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கண்ணை நம்பி முடிவு செய்ய முடியாது. எழுதிவைத்த ஆவணத்தைத் தேட வேண்டும்.

இங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. இன்னொருவர் செய்த மாதிரியைப் பார்த்துச் செய்யலாமே என்று தோன்றும். அவர் தவறாகச் செய்திருந்தால் அந்தத் தவறு நம் மேசைக்கும் வந்துசேரும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் தயங்காமல் ஒரு விடை சொல்லும். அந்த விடை எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. போர்க்காலப் படம், அதிகாரபூர்வ ஆவணம், பிற்காலப் புத்தகம், மற்றவர் கருத்து என்று சான்றுகளுக்கு ஒரு வரிசை உண்டு. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பழக்கம் எந்தப் பாடத்துக்கும் உதவும்.

"போர்க்கருவியைக் கொண்டாடுகிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கத்தாளோடு நிறுத்திக்கொண்டால் அந்த ஆபத்து உண்டு. தேடிப் படித்தால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். 1941 மே 21ஆம் தேதி, இந்த 'சி' ரக விமானத்தில்தான் மைக்கேல் சக்லிங் என்ற இளம் விமானி ஸ்காட்லாந்திலிருந்து தனியாகப் பறந்துபோய், நார்வேயின் கடற்கழியில் நின்ற பிஸ்மார்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைப் படமெடுத்தார். மே 24ல் பிஸ்மார்க், பிரிட்டனின் ஹூட் கப்பலை மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பிழைத்தவர்கள் மூவர் மட்டுமே. மே 27ல் பிஸ்மார்க்கும் மூழ்கியது. சக்லிங் அதே ஆண்டு ஜூலையில் ஒரு பயணத்திலிருந்து திரும்பவில்லை. இதெல்லாம் தெரிந்தபின் அந்தச் சிறிய பிளாஸ்டிக் விமானத்தை வீரசாகசப் பொம்மையாகப் பார்க்க முடிவதில்லை.

இந்தத் தேடல் நம் மண்ணுக்கும் வருகிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகக் களப்பணியில் பறந்தது 1954 ஏப்ரல் 1ஆம் தேதி, நம் சிலேத்தாரிலிருந்து. அதுவும் படமெடுக்கும் ரகம்தான். அவசரகாலத்தில் மலாயாக் காடுகளைப் படம்பிடிக்கப் போன பயணம் அது. கீழே தோட்டங்கள் இருந்தன. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் அப்போது அங்கே பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து எடுத்த படத்தில் அவர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள்? அந்தக் கேள்வியை என் வரலாற்றுப் பாடநூல் எழுப்பவில்லை. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மாதிரி விமானம் எழுப்பியது.

எல்லாரும் விமானம் ஒட்ட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. உங்களுக்குப் பிடித்தது பழைய பேருந்தாக இருக்கலாம், கம்பத்து வீடாக இருக்கலாம், பாட்டியின் நகையாகக்கூட இருக்கலாம். நான் கேட்பது ஒன்றுதான். விடைத்தாள் இல்லாத ஒரு வேலையை, மதிப்பெண்ணுக்காகவோ இணைப்பாட நடவடிக்கைப் புள்ளிக்காகவோ இல்லாமல், சான்று தேடிச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பெற்றோர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்டால், எத்தனை மணி நேரம் வீணானது என்று கேட்பதற்கு முன் அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.