இது யாருடைய கைவேலை?

 

பாடசாலையிலிருந்து வரும் சின்னப் பிள்ளை புத்தகப் பையைக் கழற்றாமலே, "உம்மா, நாளைக்கு ஒரு வீடு செஞ்சி கொண்டு வரட்டாம்" என்று சொல்வது உங்களுக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் அடுப்பில் கறி கொதிக்கும். மடியில் கைக்குழந்தை அழும். மூத்தவளை டியூஷன் வகுப்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும். "சரி, நீ சாப்பிட்டுப் படு. உம்மா செஞ்சி வெக்கிறேன்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். பிள்ளை தூங்கிய பின் தாய் இரவு பதினொரு மணிவரை வெட்டுகிறாள், ஒட்டுகிறாள், வர்ணம் தீட்டுகிறாள். காலையில் மேசை மீது அழகானதொரு வீடு நிற்கிறது. அதன் கூரையில் பிள்ளையின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அந்தப் பிள்ளை ஒட்டவில்லை.

இது பாசத்தினால் செய்யப்படும் காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசம் பிள்ளைக்கு எதைக் கற்றுக் கொடுக்கிறது என்பதைச் சிந்திக்கவே இம்மாதம் உங்களை அழைக்கிறேன்.

அண்மையில் ஓர் அஹதிய்யா பாடசாலையின் கண்காட்சிக்கு நடுவர்களில் ஒருவனாகச் சென்றிருந்தேன். தரம் 2 பிள்ளைகளின் மேசையில் இரண்டு கஃபா மாதிரிகள் அருகருகே இருந்தன. ஒன்று கறுப்பு வெல்வெட் துணியால் போர்த்தி, தங்க நிற நூலால் எழுத்து வேலை செய்து, உள்ளே மின்குமிழும் பொருத்தப்பட்டிருந்தது. "மகன், கதவை ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பிள்ளை பதில் சொல்லாமல், பின்னால் நின்ற தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது.

மற்றது ஒரு பால்மாப் பெட்டி. கறுப்பு மை திட்டுத் திட்டாகப் பூசப்பட்டிருந்தது. ஒரு பக்கம் உள்ளே அமிழ்ந்து போயிருந்தது. "தம்பி அதுக்கு மேல இருந்திட்டான் மௌலவி" என்று கேட்காமலே விளக்கம் வந்தது. பிறகு அந்தச் சிறுவனை நிறுத்த முடியவில்லை. கதவு நிலத்தோடு இல்லை, உள்ளே போவதென்றால் ஏணிப்படி வைக்க வேண்டும். ஹஜருல் அஸ்வத் இந்த மூலையில் இருக்கிறது, தவாஃபை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சுற்றும்போது கஃபா நமக்கு இடது பக்கம் இருக்கும். கோதுமை மாவைப் பிசைந்து வைத்த இந்த அரைவட்டம்தான் ஹிஜ்ர் இஸ்மாயீல் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். பரிசு அவனுக்கே கிடைத்தது.

முதலாவது பிள்ளையின் தாய்க்கு மனம் ஆறவில்லை. "மத்தப் புள்ளட கஃபா நேராவும் நிக்கல்லயே மௌலவி?" என்று கேட்டார். அது அவருடைய கேள்வி மட்டுமல்ல. பல தாய்மாரின் மனதில் உள்ள கேள்வி என்பதால் விடையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஏழு வயதுப் பிள்ளையின் கை செய்த பொருள் கோணலாகத்தான் நிற்கும். அது குறையல்ல, வயது. போட்டி தாய்மாருக்கிடையில் நடந்திருந்தால் அந்தச் சகோதரிக்கே முதற்பரிசு கொடுத்திருப்போம். பிள்ளைகளுக்குள் நடந்த போட்டியில் அவருடைய மகன் கலந்துகொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை.

இதில் பிள்ளை இரண்டு பாடங்களைப் படிக்கிறது. நான் செய்யாத ஒன்றின் மீது என் பெயரை எழுதலாம் என்பது ஒன்று. என் கை செய்வது என் உம்மாவுக்குப் போதாது என்பது மற்றது. முதலாவது பாடம் நாளை பரீட்சை மண்டபத்திலும், மறுநாள் வியாபாரத்திலும், உத்தியோகத்திலும் கூடவே வரும். இரண்டாவது பாடம் எந்த வேலையையும் தொடங்கப் பயப்படுகிற ஒரு மனிதனை உருவாக்கும்.

தனக்குக் கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகக் காட்டிக் கொள்பவர், பொய்யினாலான இரண்டு ஆடைகளை உடுத்தவரைப் போன்றவர் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அந்த ஆடையை நம் பிள்ளைக்கு நாமே அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கலாமா?

அப்படியானால் தாய் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டுமா? இல்லை. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியைப் பாருங்கள். ஆஷூரா நோன்பை அன்ஸாரிப் பெண்கள் தாமும் நோற்று, தம் சிறு பிள்ளைகளையும் நோற்கச் செய்தார்கள். கம்பளியினால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக் கொள்வார்கள். பிள்ளை பசித்து அழும்போது அதைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை அதன் கவனத்தைத் திருப்புவார்கள். மதீனாவின் தாய்மார் தம் கையால் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் செய்திருக்கிறார்கள். அதை மார்க்கக் கடமையோடு சேர்த்தே செய்திருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் செய்வதை வீண்வேலை என்று இனி யாரும் உங்களிடம் சொன்னால் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

தாய் பிள்ளைக்காகச் செய்யலாம். பிள்ளையோடு சேர்ந்தும் செய்யலாம். பிள்ளையின் பெயரால் செய்வதுதான் கூடாது.

பிள்ளை செய்ததைப் பார்க்கும் முறையையும் நபியவர்களிடமிருந்தே கற்றுக் கொள்ளலாம். அபூதாவூதில் வரும் செய்தி இது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை மறைத்திருந்த திரை காற்றில் விலகியது. பொம்மைகளின் நடுவே துணித் துண்டுகளால் ஆன இரண்டு இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்தது. நபியவர்கள் வரிசையாக நான்கு கேள்விகள் கேட்டார்கள். இது என்ன, நடுவில் இருப்பது என்ன, அதன் மேல் இருப்பது என்ன, குதிரைக்கும் இறக்கை உண்டா? ஸுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று ஆயிஷா நாயகி திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

அந்த இறக்கைகளைப் பிய்த்துவிடச் சொல்லவில்லை. குதிரை இப்படியா இருக்கும் என்று திருத்தவும் இல்லை. கேட்டார்கள், விடையைச் செவிமடுத்தார்கள், மகிழ்ந்தார்கள். நாமோ பிள்ளை கொண்டு வந்து நீட்டும் படத்தைப் பார்க்காமலே "நல்லா இருக்கு, அங்க வை" என்கிறோம். அல்லது "யானைக்கு ஆறு காலா?" என்று சிரிக்கிறோம். கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்யும் வாப்பாமாருக்கும் இதைச் சொல்லுங்கள். பிள்ளை செய்த தோணியைத் தொலைபேசியில் காட்டும்போது, இது என்ன, இந்தப் பாயை எதனால் செய்தாய், இதில் யார் போகிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்கட்டும். அந்த மூன்று கேள்விகள் அனுப்பும் பொம்மைக் காரை விட நீண்ட நாள் பிள்ளையின் மனதில் இருக்கும்.

பொம்மை விடயத்தில் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். மேற்படி செய்திகளை ஆதாரமாகக் கொண்டு, சிறுவர் விளையாடும் பொம்மைகளுக்கு அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதி அளித்துள்ளனர். பேணுதலாக இருக்க விரும்புவோர் வீடு, தோணி, வண்டி, பள்ளிவாசல், மரம் என்று செய்யலாம். அவற்றுக்குக் குறைவே இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் தென்னோலையும் ஈர்க்கும் சிரட்டையும் குரும்பட்டியும் இருக்கின்றன. காலி நெருப்புப் பெட்டி, யோகட் கோப்பை, தையல் துண்டுத் துணி, பழைய பத்திரிகை எல்லாமே சாமான்கள்தாம். நான்கு குரும்பட்டியையும் இரண்டு ஈர்க்கையும் கொண்டு வண்டி செய்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டிலுள்ள உம்மம்மாவிடம் கேளுங்கள். அவர் ஓலையில் காற்றாடி முடைந்து காட்டுவார். கிழக்கில் பன்பாய் இழைத்த தாய்மாரின் பக்கத்தில் இருந்து, மிஞ்சிய பன்னில் சின்னப் பெட்டி இழைத்துப் பழகியவர்களும் அவர்கள்தாம்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிளறுங்கள். தடித்ததும் இறக்கி ஆறவிடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுவது நல்லது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை காகிதத்தைக் கிழித்து ஒட்டட்டும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுக்கலாம். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை அடிமட்டம் வைத்து அளந்து வெட்டட்டும். பிளேடும் கத்தியும் சூடான பசையும் உங்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும். கைக்குழந்தை தவழும் வீட்டில் மணி, பொத்தான், சிறிய வட்ட பற்றரி ஆகியவற்றைக் கீழே விடவே கூடாது.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அரை மணி நேரம், கிழமைக்கு இரண்டு நாள் போதும். பழைய பாயொன்றை விரித்து அதன் மேல் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் குப்பையைக் கூட்டி அள்ளுவதும் பிள்ளையின் வேலையே. அந்த அரை மணி நேரம் கைத்தொலைபேசி அலுமாரிக்குள் இருக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் "நாளைக்குச் செய்வோம்" என்று சொன்னால் நாளைக்குச் செய்யுங்கள். ஒரு தாய் தன் மகனை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைத்தபோது, என்ன கொடுக்க எண்ணினீர்கள் என நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் கொடுக்காதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதியப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையிடம் சொல்லும் வார்த்தையும் வார்த்தைதான்.

முதல் வேலையாக ஒன்றைச் சொல்கிறேன். காலியான பால்மா டின் ஒன்றின் மூடியில் நீங்கள் கீறல் போட்டுக் கொடுங்கள். ஓரம் கையை வெட்டாதபடி தட்டி மழுக்குங்கள். மேலே காகிதம் ஒட்டி அலங்கரிப்பது முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. கோணலானால் கோணலாகவே இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு நாணயம் போட்டு, மாத முடிவில் பிள்ளையே தன் கையால் ஓர் ஏழைக்குக் கொடுக்கட்டும். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தொழில் செய்து தர்மம் கொடுத்தவர்கள் என்பதை அப்போது கதையாகச் சொல்லிக் கொடுங்கள்.

டின்னில் பெயர் எழுதும்போது உண்மையை எழுதுங்கள். பிள்ளை தனியே செய்ததென்றால் அதன் பெயர் மட்டும். நீங்களும் உதவியிருந்தால், "நானும் உம்மாவும்" என்று அதன் சொந்த எழுத்திலேயே எழுதட்டும். பாடசாலைக்கு அனுப்பும் பொருளுக்கும் இதுவே சட்டம்.

நம் பிள்ளைகளின் கைகளை உழைப்பில் உறுதியானவையாகவும், நாவுகளை உண்மையில் உறுதியானவையாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.